எத்தனை கணினி என்று கேட்டோம். எத்தகைய கணினி என்று கேட்டோமா?

மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லில் இடறினால் பெரும்பாலும் அச்சொல்லுக்குள் ஓர் அரசியல் புதைந்திருக்கும். வேலைத்தலங்களில் புகுத்தப்படும் செயலிகளைப் பற்றிய தொழிற்சங்க ஆவணம் ஒன்றை அண்மையில் தமிழாக்கியபோது எனக்கு அது நேர்ந்தது. 'யூசர்' என்னும் சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. கணினித் தமிழில் அதற்குப் 'பயனர்' என்ற சொல் உண்டு. அதே வேரிலிருந்து பிறந்த 'பயனாளி' என்னும் சொல்லை அரசு அலுவலகத் தமிழ் வேறு பொருளில் கையாள்கிறது: நலத்திட்டத்தின் உதவியைப் பெறுபவர். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். அங்கன்வாடி ஊழியரைப் 'பயனர்' என்றால் அவர் ஏதோ விருப்பத்தின்பேரில் அக்கருவியை வாங்கியவர்போல் ஆகிவிடுகிறார். 'பயனாளி' என்றாலோ உழைப்பவர் உதவி பெறுபவராகிவிடுகிறார். திரையைத் தொட்டுத் தொட்டு வேலை செய்கிறவருக்கா பயன், அத்தொடுதல்களை எங்கோ அமர்ந்து எண்ணிக்கொண்டிருப்பவருக்கா? கடைசியில் 'தொழிலாளி' என்று எழுதினேன். வாக்கியம் தெளிந்தது.

இது அகராதியோடு முடிந்துவிடும் சிக்கலாக எனக்குத் தோன்றவில்லை. 'யூசர்' என்பது ஒரு பல்கலைக்கழகத் துறையின் மையச் சொல். மனித–கணினி ஊடாட்டவியல் என்று நாம் அழைக்கக்கூடிய அத்துறை, கணினிக்கும் அதைக் கையாளும் மனிதருக்கும் இடையிலான உறவை ஆராய்கிறது. திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், ஒரு பணியை முடிக்க எத்தனை முறை தொட வேண்டும், தவறு நேர்ந்தால் திரும்பிவர வழி உண்டா, எழுத்தறியாதவரும் பார்வையற்றவரும் எவ்வாறு கையாள்வார்கள் என்பன அதன் வினாக்கள். 1982 மார்ச்சில் அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க் நகரில் நடந்த மாநாட்டை இத்துறை வடிவம்பெற்ற தருணமாகக் கொள்வது வழக்கம். இந்தியாவில், மும்பை ஐஐடியில் 1969இல் தொடங்கப்பட்ட தொழில்துறை வடிவமைப்பு மையம், குவாஹாட்டி ஐஐடியின் வடிவமைப்புத் துறை, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் முதலியவை இதைக் கற்பிக்கின்றன. இவை மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் நிறுவனங்கள்.

இத்துறைக்கும் கட்சி ஏட்டுக்கும் என்ன தொடர்பு என்று தோழர்கள் கேட்கலாம். வேலை வாங்குவதும், வருகையைப் பதிவதும், கூலியை வெட்டுவதும் இன்று செயலிகளின் வழியே நடக்கின்றன. அச்செயலிகளின் வடிவம் யாருடைய முடிவு என்பது உழைப்பு நிகழ்முறையின் மீதான கட்டுப்பாடு யாரிடம் என்னும் பழைய வினாவேயாகும்.

வினாடிகளின் அறிவியல்

இத்துறையின் பிறப்பில் இரண்டு மரபுகள் உள்ளன. பாடநூல்களில் பெரும்பாலும் முதலிடம் பெறுவது அமெரிக்க மரபு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரான் ஆகியோரும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆலன் நியூவெலும் 1980இல் ஒரு கணக்கீட்டு முறையை வெளியிட்டனர். தட்டச்சில் பழகியவர் ஒரு விசையை அழுத்த ஏறத்தாழ 0.2 வினாடி, அடுத்த செயலுக்கு மனம் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ள 1.35 வினாடி. இவ்வாறு ஒரு பணியைச் சிறு அசைவுகளாகப் பிரித்துக் கூட்டினால், அப்பணி எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கருவியைச் செய்வதற்கு முன்பே கூறிவிடலாம். டெய்லரின் நிறுத்துக் கடிகாரம் தொழிலாளியின் கைக்கு வைத்த அளவுகோலை இம்முறை அவருடைய சிந்தனைக்கும் வைத்தது.

இதன் புகழ்பெற்ற பயன்பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நியூயார்க், நியூ இங்கிலாந்து பகுதிகளில் தொலைபேசிச் சேவை நடத்திய நைனெக்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் தன் தொலைபேசி இணைப்பாளர்களுக்குப் புதிய கணினி மேசைகளை வாங்க எண்ணியது. ஓர் அழைப்புக்கு ஒரு வினாடி மிச்சமானால் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் மிச்சம் என்பது நிறுவனத்தின் கணக்கு. வேய்ன் கிரே, போனி ஜான் முதலிய ஆய்வாளர்கள் விசையழுத்தங்களையும் கண்ணசைவுகளையும் எண்ணி, புதிய மேசையால் வேகம் கூடாது, சற்றுக் குறையவே செய்யும் என்று முன்னுரைத்தனர். நான்கு மாதக் களச் சோதனை அதை மெய்ப்பித்தது. நிறுவனம் அக்கருவியை வாங்கவில்லை. 1993இல் ஆய்வு முழுமையாக வெளியானது. இன்றும் வகுப்பறைகளில் முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது.

இந்த ஆய்வில் பொய் இல்லை. விற்பனையாளரின் விளம்பரத்தை அது நேர்மையாக உடைத்தது. ஆயினும் வினா எவருடையது என்று பாருங்கள். வினாடிக்கு விலை குறித்தது நிறுவனம். அளக்கப்பட்டது இணைப்பாளரின் உடலும் மனமும். மிச்சமாகும் வினாடியில் இணைப்பாளர் மூச்சுவிட்டுக்கொள்ளலாமா என்பது அந்தக் கணக்கில் ஒரு வினாவாகவே எழவில்லை. அறிவியலின் விடை சரியாக இருக்கும்போதும் அதன் வினா வர்க்கச் சார்புடையதாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

ஆஸ்லோவில் தொடங்கிய மற்றொரு வழி

இரண்டாம் மரபு இதற்குப் பத்தாண்டு முன்பே நார்வேயில் தொடங்கியது. அதன் நாயகர் கிறிஸ்டன் நைகார்ட். ஓலே-யோஹான் டாலுடன் சேர்ந்து 1960களில் ஆஸ்லோவின் நார்வே கணினி மையத்தில் 'சிமுலா' நிரல்மொழியை உருவாக்கியவர். இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் அடித்தளமான பொருள்நோக்கு நிரலாக்கம் அதிலிருந்து வந்தது. 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் வழங்கப்பட்டது. அதே நைகார்ட்தான் 1990களின் முற்பகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நார்வே சேர்வதை எதிர்த்த மக்கள் இயக்கத்துக்கும் தலைமை தாங்கினார்.

தாம் படைத்த கருவி ஆலைகளில் என்ன செய்கிறது என்று நைகார்ட் கண்டார். உற்பத்தியைத் திட்டமிடும் கணினி முறைகள், தொழிலாளியிடம் இருந்த அறிவையெல்லாம் மேலாளரின் மேசைக்கு மாற்றிக்கொண்டிருந்தன. 1970களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் அவர் ஒரு கூட்டாய்வைத் தொடங்கினார். வழக்கம்போல் ஆய்வாளர்கள் அறிக்கைகளை எழுதத் திட்டமிட்டனர். இந்த அறிக்கைகளைக் கொண்டு சங்கத் தோழர் மறுநாள் காலை ஆலையில் என்ன செய்வார் என்ற வினா எழுந்தபோது திட்டமே மாறியது. ஆய்வின் விளைவு என்பது இனி ஏட்டில் வருவது மட்டுமாகாது. ஆலைக் கிளைகள் தம் கணினிகளைப் பற்றித் தாமே ஆராய்ந்து மேற்கொள்ளும் நடவடிக்கையே விளைவு என்று வரையறுத்தனர். தொழிலாளர்களுக்கான பாடநூல் எழுதப்பட்டது. படிப்பு வட்டங்கள் நடந்தன. ஆலைகளில் தரவு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 1975இல் நாடளாவிய ஒப்பந்தமே உருவாயிற்று. கணினி முறைகளைப் பற்றி முன்கூட்டியே தகவல் பெறும் உரிமையும், அதற்கெனத் தனிச் சங்கப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடைத்தன. 1977இன் பணிச்சூழல் சட்டம் அந்த உரிமைகளுக்கு வலுச் சேர்த்தது.

ஸ்வீடனும் டென்மார்க்கும் இதைப் பின்பற்றின. அவற்றுள் அச்சுத் தொழிலாளர்களைப் பற்றிய 'உட்டோப்பியா' திட்டம் நம் போன்ற ஏட்டுக்காரர்களுக்கு நெருக்கமானது. 1981 முதல் 1985 வரை நார்டிக் அச்சுத் தொழிலாளர் சங்கமும், ஸ்டாக்ஹோமின் பணி வாழ்வு ஆய்வு மையமும், ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியும், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகமும் இணைந்து அதை நடத்தின. ஈய எழுத்து மறைந்து கணினி வந்துகொண்டிருந்த காலம். பக்கம் அமைப்பவரின் கைத்திறனை அழிக்காத கருவியொன்றை அவரோடு சேர்ந்தே உருவாக்க வேண்டும் என்பது நோக்கம். கணினியே தெரியாத அச்சுக்கோப்பாளரிடம் கணினி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பது எவ்வாறு? பெலே என், மோர்டன் கியூங், சூசன் பட்கர் முதலிய ஆய்வாளர்கள் அட்டையாலும் காகிதத்தாலும் போலிக் கணினிகளைச் செய்தனர். வெற்று அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் 'லேசர் அச்சுப்பொறி' என்று எழுதி வைத்தனர். தொழிலாளர்கள் அவற்றின் முன் அமர்ந்து பக்கம் அமைப்பதுபோல் செய்து பார்த்து, இது இங்கே வேண்டாம், அது அங்கே வேண்டும் என்று கிழித்து ஒட்டினர்.

வெற்றிக் கதையாக மட்டும் இதைச் சொன்னால் உண்மைக்குப் புறம்பாகும். உருவான கருவி சந்தையில் நிலைக்கவில்லை. பத்திரிகையாளர்களின் சங்கம் திட்டத்தில் பங்கேற்கவில்லை. யாருக்கு எந்த வேலை என்ற எல்லைத் தகராறு இரு சங்கங்களுக்கும் இடையே இருந்தது. சங்கங்கள் வலுவாகவும் சட்டம் துணையாகவும் இருந்த ஒரு காலகட்டத்தின் விளைச்சல் அது. ஆனால் உழைப்பவரை உடனமர்த்தி வடிவமைக்கும் முறை அங்கிருந்தே உலகெங்கும் பரவியது. இன்று பெருநிறுவனங்கள்கூட அதன் பெயரைச் சொல்லிக்கொள்கின்றன. ஒப்பந்தமும் மறுக்கும் உரிமையும் மட்டும் அந்தப் பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டன.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். நான் மெய்ப்புத் திருத்தப் பழகிய அச்சகத்தில் மூத்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் இருந்தார். எழுத்துப் பெட்டியைப் பாராமலே எழுத்தை எடுப்பார். வரியின் ஈற்றில் ஒரு சொல்லை எங்கே பிரிக்கலாம், எங்கே பிரித்தால் பொருள் கெடும் என்பதை எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு அவரே கற்பித்தார். கணினி வந்தபோது அவர் பிரதிகளுக்கு முகவரி ஒட்டும் வேலைக்கு மாற்றப்பட்டார். புதிய மென்பொருள் சொற்களைக் கண்டபடி உடைத்தது. நாங்கள் மெய்ப்பில் அவற்றைத் திருத்தித் திருத்திச் சலித்தோம். அந்த அறிவு பத்தடி தொலைவில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தது. அவரிடம் கேட்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

நமது போராட்டங்களின் பாடம்

இந்தியத் தொழிலாளி வர்க்கம் கணினியை எதிர்கொண்ட வரலாறு சிறியதன்று. 1960களில் கல்கத்தாவின் இலாக்கோ கட்டடத்தில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கணினி நுழையாதபடி ஊழியர்கள் இரவுபகலாகக் காவல் நின்றனர். தானியங்கிமயத்தை ஆராய வி.எம். தாண்டேகர் தலைமையில் ஒன்றிய அரசு 1969இல் குழு அமைத்ததற்கு இத்தகைய போராட்டங்கள் முக்கியக் காரணம். வங்கித் துறையில் 1983லும் 1987லும் இயந்திரமயம் பற்றிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. எங்கே, எத்தனை இயந்திரங்கள், எந்தப் பணிகளுக்கு என்பன பேசித் தீர்மானிக்கப்பட்டன. ஆட்குறைப்பு கூடாது என்பது நிலைநாட்டப்பட்டது. இயந்திரத்தைக் கையாள்வோருக்குச் சிறப்புப் படி கிடைத்தது.

இவற்றை முன்னேற்றத்தின் எதிரிகளின் வேலை என்று முதலாளித்துவ ஏடுகள் எள்ளி நகையாடின. வேலையைக் காத்த அப்போராட்டங்களுக்காக நாம் வெட்கப்பட ஏதுமில்லை. எனினும் பேரத்தின் எல்லையை இன்று திரும்பிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கையைப் பேசினோம், படியைப் பேசினோம், வேலைப் பாதுகாப்பைப் பேசினோம். இயந்திரத்தின் உள்ளமைப்பைப் பேசவில்லை. அது எதைப் பதிய வேண்டும், எதைப் பதியக் கூடாது, ஊழியரின் எந்த முடிவை அவரிடமே விட்டுவைக்க வேண்டும் என்பன பொறியாளரின் விவகாரம் என்று விட்டுவிட்டோம். அதற்குத் துணைநிற்கும் ஒரு நைகார்ட் நம் பல்கலைக்கழகங்களிலிருந்து நம் சங்க அலுவலகங்களுக்கு வரவுமில்லை. வரும்படி நாம் அழைக்கவுமில்லை.

சட்டமும் அதே எல்லையில் நின்றது. தொழில் தகராறு சட்டம், 1947இன் 9அ பிரிவு, நான்காம் அட்டவணையில் உள்ள பணி நிலைமைகளை மாற்றுவதற்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது. அந்த அட்டவணையின் பத்தாம் இனம் இயந்திர, நுட்ப மேம்பாட்டைக் குறிப்பிட்டது. ஆனால் ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடியதாக இருந்தால் மட்டுமே அது பொருந்தியது. ஒருவரையும் வேலையைவிட்டு நீக்காமல், இருப்பவர் ஒவ்வொருவரையும் கண்காணிக்கும் மென்பொருள் அந்த வாசகத்தில் நேரடியாகச் சிக்கவில்லை.

செயலிக்குள் புகுந்த மேஸ்திரி

சிக்காமல் வந்தது எது என்பதை ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கண்டோம். வருகைப் பதிவுக்கான தேசிய நடமாடும் கண்காணிப்புச் செயலி 2021 மே மாதம் அறிமுகமானது. 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் பணிகள் நீங்கலாக எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பணித்தளப் பொறுப்பாளர் நாளொன்றுக்கு இருமுறை, தொழிலாளரை நிற்க வைத்து, இடக்குறிப்புடன் படமெடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. அலைவரிசை இல்லாத இடத்தில் படம் ஏறாது. படம் ஏறாவிட்டால் வருகை இல்லை. வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை. திறன்பேசியை வாங்கும் செலவும் பெரும்பாலும் பொறுப்பாளரின் தலையில் விழுந்தது.

இவ்வளவும் நாம் எழுதியவை, முழங்கியவை. இன்னொன்று அதிகம் பேசப்படவில்லை. பல இடங்களில் அத்திட்டத்தின் கூலி, வெட்டிய மண்ணின் அளவைப் பொறுத்தது. அதிகாலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் தம் பங்கை முடித்துவிட்டு, வீட்டையும் ஆடுமாடுகளையும் பார்க்கப் போவது பெண்களின் வழக்கம். இரண்டாம் படம் அந்த வழக்கத்தை முறித்தது. வேலை முடிந்த பின்னும் படத்துக்காகக் காத்திருக்கவோ மீண்டும் நடந்து வரவோ வேண்டியதாயிற்று. அளவுக் கூலியில் உழைப்பவர் மீது நேரக் கூலியின் கட்டுப்பாடும் சேர்ந்தது. நாடாளுமன்றம் விவாதித்து நிறைவேற்றாத இந்த மாற்றத்தை ஒரு செயலியின் இரண்டு படங்கள் நடைமுறையாக்கிவிட்டன. 2023 பிப்ரவரியில் தில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் தொடங்கிய நீண்ட போராட்டம் இதை எதிர்த்தே எழுந்தது.

அங்கன்வாடிகளிலும் இதுவே நடந்தது. 2021 மார்ச்சில் வந்த 'போஷன் டிராக்கர்' செயலியில் தம் மொழி இல்லை என்றும், தரப்பட்ட திறன்பேசிகள் அதைத் தாங்கவில்லை என்றும் மகாராஷ்டிர ஊழியர்கள் முறையிட்டனர். கேட்பார் இல்லாதபோது அதே ஆண்டு ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் அந்தத் திறன்பேசிகளை அரசிடமே திருப்பிக் கொடுத்தனர். நாளேடுகள் இதை ஊழியர் போராட்டம் என்று எழுதின, சரிதான். எந்த மொழியில், எந்தக் கருவியில், எத்தனைப் பதிவுகளோடு வேலை செய்வோம் என்று சொன்ன அவர்கள் ஒரு வடிவமைப்புத் திறனாய்வையும் செய்தார்கள். பல்கலைக்கழக ஆய்வேடாக வந்திருக்க வேண்டிய முடிவு, அட்டைப் பெட்டிகளில் அடுக்கிய திறன்பேசிகளாக அரசு அலுவலக வாசலுக்கு வந்தது.

பல்கலைக்கழகத்தில் நடப்பது என்ன?

நம் நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றும் செய்யவில்லை என்பது அநீதியாகும். மும்பை ஐஐடியின் வடிவமைப்பு மையம் உருவாக்கிய 'ஸ்வரசக்ரா' விசைப்பலகையில் மெய்யெழுத்தைத் தொட்டால் அதைச் சூழ்ந்து உயிர்மெய் வடிவங்கள் சக்கரமாக விரியும். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளுக்கு அது வந்துள்ளது. ஆங்கில விசைப்பலகைக்கு நம் எழுத்தை அடிபணிய வைக்காமல், நம் எழுத்தின் இயல்பிலிருந்து விசைப்பலகையை அமைக்கும் முயற்சி அது. பெங்களூர் சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 'ஃபேர்வொர்க்' திட்டத்தின் இந்தியப் பகுதியை நடத்தி, செயலிவழி வேலை வாங்கும் நிறுவனங்களை ஊதியம், பணி நிலைமை, பிரதிநிதித்துவம் முதலிய அளவுகோல்களால் மதிப்பிட்டு வருகின்றனர். சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய 'சிஜிநெட் ஸ்வரா', எழுத்தறியாத பழங்குடி மக்கள் சாதாரணக் கைபேசியில் தம் குரலாலேயே செய்தி சொல்ல வழி செய்தது.

ஆயினும் உழைக்கும் ஏழைகளைப் பற்றிய இத்துறையின் இந்திய ஆய்வுகளில் உலகம் அறிந்தவை பல, பொதுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வரவில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2005இல் பெங்களூரில் தொடங்கிய ஆய்வகத்திலிருந்து வந்தன. குடிசைப் பகுதிகளில் வாழும் வீட்டுவேலைப் பெண்களுக்கென எழுத்தில்லாத திரையை இந்திராணி மேதியும் சகாக்களும் அங்கே வடிவமைத்தனர். அந்த உழைப்பை மதிக்கிறேன். அதே ஆய்வகத்தின் இணை நிறுவனர் கென்டாரோ டொயாமா பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராகி, 2015இல் எழுதிய நூலில் ஒரு முடிவுக்கு வந்தார்: சமூகத்தில் ஏற்கெனவே உள்ள ஆற்றல்களையே தொழில்நுட்பம் பெருக்குகிறது, இல்லாத நீதியை அது படைத்துவிடாது. நம் தோழர்கள் தத்துவ வகுப்பில் கற்பதை ஒரு பொறியாளர் களத்தில் கற்றிருக்கிறார்.

இத்துறையின் வகுப்பறையில் 'பரிவு' என்பது முக்கியப் பாடம். மாணவர் களத்துக்குச் செல்ல வேண்டும், பயனரோடு பேச வேண்டும், அவர் துன்பத்தை உணர வேண்டும். நல்லதே. ஆனால் பேசிவிட்டு வந்தபின் முடிவெடுப்பவர் மாணவரோ அவரை வேலைக்கு எடுக்கப்போகும் நிறுவனமோதான். கருத்துக் கேட்கப்படுவதற்கும் மறுக்கும் உரிமை பெறுவதற்கும் இடையே உள்ள தொலைவைப் பரிவு நிரப்பாது. தொழிற்சங்கம் என்ற சொல் பாடத்திட்டத்தில் இல்லாதபோது, தொழிலாளர் தனித்தனிப் பயனர்களாக, நேர்காணலுக்கு ஒருவர் ஒருவராக வந்துபோகும் முகங்களாக மட்டுமே தெரிவார்கள். ஆய்வு நிதி சுருங்கச் சுருங்கத் துறைகள் பெருநிறுவனங்களின் பக்கம் சாய்வதும் இயல்பு. பொதுக் கல்விக்கான நிதிக்காக நாம் நடத்தும் போராட்டம் இங்கே நேரடியாகத் தொடர்புபடுகிறது.

ஒரு நியாயமான ஐயம்

'சுரண்டலின் கருவியை அழகாக்கித் தருவதா நம் வேலை? நல்ல செயலியால் சுரண்டப்படுவது மேலா?' என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. எளிதாகக் கையாளக்கூடிய கண்காணிப்புச் செயலி, கண்காணிப்பை மேலும் உறுதியாக்கும் என்பது உண்மை. ஊரக வேலைத் தொழிலாளர்கள் அந்தச் செயலியைத் திருத்தச் சொல்லவில்லை, நீக்கச் சொன்னார்கள். அதுவே சரியான கோரிக்கை. வடிவமைப்பில் பங்கு என்பதன் முதற்பொருள் 'இது வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம். அந்த அதிகாரம் இல்லாத பங்கேற்பு, ஒப்புதல் கையெழுத்து வாங்கும் சடங்காகிவிடும்.

ஆனால் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் இயந்திரத்தையும் அதன் முதலாளித்துவப் பயன்பாட்டையும் வேறுபடுத்திக் காட்டியதை நாம் மறக்கலாகாது. அந்த வேறுபாட்டை மேடையில் சொல்வதோடு நிறுத்தினால் அது வெறும் வாய்பாடு. நார்வே உலோகத் தொழிலாளர்கள் அதை ஆலைக்குள் கொண்டுசென்றனர்: இந்த வரி வேண்டாம், இந்தப் பதிவு கூடாது, இந்த முடிவு எங்களுடையது என்று இயந்திரத்தின் உள்ளுறுப்புகளைப் பெயர் சொல்லிப் பேசினர். அவ்வாறு பேசக் கற்ற வர்க்கமே நாளை உற்பத்தியை நடத்தவும் தகுதி பெறும்.

அவர்களுக்கு இருந்த சட்டமும் சங்க வலிமையும் நமக்கு இல்லை என்பதும் உண்மை. நம் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோர் முறைசாராத் தொழிலில் உள்ளனர்; திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர் என்றே அரசு ஏற்பதில்லை. ஆகவே இது ஒரே பாய்ச்சலில் கிட்டாது. சிலவற்றை இப்போதே தொடங்கலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, சட்டக் கோரிக்கை. வருகையை, வேகத்தை, கூலியைப் பதியும் எந்த மென்பொருளும், ஆட்குறைப்பு நேர்ந்தாலும் நேராவிட்டாலும், முன்னறிவிப்பும் சங்கத்தோடு பேச்சுவார்த்தையும் இன்றிப் புகுத்தப்படக் கூடாது. திட்டப் பணியாளர்களுக்கும் செயலிவழி வேலை செய்வோருக்கும் இது பொருந்த வேண்டும்.

இரண்டாவது, பொதுப் பல்கலைக்கழகங்களிடம் கோரிக்கை. அரசு ஒரு செயலியைக் கட்டாயமாக்குமுன் அதைக் கையாளப்போகும் தொழிலாளரிடையே சோதித்து முடிவை வெளியிடும் பொறுப்பு இத்துறைகளுக்கு வழங்கப்பட வேண்டும். சோதனைக் குழுவில் சங்கப் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். நைனெக்ஸ் நிறுவனத்துக்காகக் கருவியை வாங்குமுன் சோதிக்க முடிந்ததென்றால், கோடிக்கணக்கான ஊரகத் தொழிலாளருக்காக அது ஏன் முடியாது?

மூன்றாவது, பாடத்திட்டம். நைகார்ட்டின் சங்க ஆய்வும், நம் காப்பீட்டு, வங்கி ஊழியர்களின் போராட்டங்களும் இத்துறை மாணவருக்குப் பாடமாக வேண்டும். நிறுவனங்களில் பயிற்சி பெறுவதுபோல் தொழிற்சங்க அலுவலகங்களில் பயிற்சி பெறவும் வழி வேண்டும். அவ்வளாகங்களில் பணியாற்றும் மாணவர் தோழர்களும் ஆசிரியர் தோழர்களும் இதைக் கையிலெடுக்கலாம்.

நான்காவது, நம் சொந்த வேலை. ஒவ்வொரு சங்கத்திலும் செயலிகளைக் கவனிக்க ஒரு தோழர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். எந்தத் திரை, எந்த நாள், என்ன நேர்ந்தது, எவ்வளவு கூலி போயிற்று என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் சொல்வோம். ஓராண்டு எழுதினால் எந்த அமைச்சகமும் மறுக்க முடியாத சான்று நம் கையில் இருக்கும்.

உட்டோப்பியா திட்டத்தாரின் போலிக் கணினிகளுக்கு அட்டையும் காகிதமும் பேனாவும் போதுமாயிருந்தன. அவை நம் சங்க அலுவலகங்களில் என்றும் கிடைப்பவை. அடுத்த அரசியல் வகுப்பில் அங்கன்வாடித் தோழர்கள் நால்வரை முன்னால் அமர்த்தி, அவர்களுடைய செயலியின் திரையைத் தாளில் வரையச் சொல்வோம். பிறகு, எந்தக் கட்டத்தை அடிக்க வேண்டும், எதைப் புதிதாக வரைய வேண்டும் என்று கேட்போம். அன்று நாங்கள் அந்த அச்சுக்கோப்பாளரிடம் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.